மழைக்குப் பின் முளைப்பவை: சென்னை வீட்டுத் தோட்டத்தில் எந்தக் களையை எடுப்பது, எதை விடுவது

ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்தால் போதும், சென்னையில் மண் இருக்கும் இடமெல்லாம் பச்சை பிடித்துவிடும். மதிலோரம், கிணற்றடி, மழைநீர்க் குழியின் விளிம்பு, பூந்தொட்டி, சிமெண்டுத் தரையின் வெடிப்பு என்று ஓரிடம் விடாமல் முளைத்து நிற்பவற்றைப் பார்த்ததும், ஆள் வைத்து அடியோடு செதுக்கிவிட வேண்டும் என்றுதான் பலருக்கும் தோன்றும். மடிப்பாக்கத்தில் அரை கிரவுண்டு மண் உள்ள வீட்டுக்குக் குடிவந்த முதல் ஆண்டில் நானும் அதைத்தான் செய்தேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே புல் பூண்டு ஒன்றையும் விடாமல் மண்வெட்டியால் செதுக்கி வெறுந்தரையாக்கி வைத்தேன். கார்த்திகையில் கூரையிலிருந்து கொட்டிய நீர் மேல்மண்ணை அரித்துத் தெருவுக்குக் கொண்டுபோயிற்று. தை பிறந்தபோது அந்த வெறுந்தரையை நிரப்பி நின்றவை பார்த்தீனியமும் சாரணையும்தான். தும்பையும் கீழாநெல்லியும் அதே இடத்தில் முன்பு தாமாகவே வளர்ந்து வந்தன என்பதைப் பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

அந்த இழப்புக்குப் பிறகு, ஒவ்வொரு செடியையும் அதன் பெயர், அது பரவும் விதம், அது நிற்கும் இடம் ஆகிய மூன்றையும் பார்த்தே எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்கிறேன். இம்மூன்றையும் பார்க்கச் செடி ஒன்றுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. பெயர் தெரிந்துகொள்வதற்குத்தான் முதல் ஆண்டில் சற்றுப் பொறுமை வேண்டும்.

பெயர் தெரியும் வரை

மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளை நான்கு அல்லது ஆறு இலை விடும் வரை பொறுத்துப் பாருங்கள். இரண்டு வித்திலைகளோடு நிற்கும்போது பெரும்பாலான கன்றுகள் ஒன்றுபோலவே இருப்பதால், நாம் விதைத்த கத்தரியையே களை என்று பிடுங்கிவிட நேரும். விதைத்த வரிசையின் இரு முனைகளிலும் குச்சி நட்டு வைப்பது இதற்காகத்தான். பெயர் தெரியாத செடியில் ஒன்றிரண்டை மட்டும் ஓரமாகப் பூக்கும் வரை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிடலாம். பூ வந்தபின் அடையாளம் காண்பது எளிது.

சில இணைகளில் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. மூக்கிரட்டையும் சாரணையும் தரையோடு படர்பவை. இரண்டிலும் எதிரெதிராக நிற்கும் இலைகளில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். மூக்கிரட்டையின் இலையின் கீழ்ப்புறம் வெளுத்திருக்கும். அதன் சிறிய ஊதாச் சிவப்புப் பூக்கள் மெல்லிய காம்புகளின் நுனியில் நிற்கும். காய் ஆடையில் ஒட்டும். சாரணையின் இலையும் தண்டும் சதைப்பற்றோடு இருக்கும். அதன் பூ காம்பில்லாமல் இலைக்கணுவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பருப்புக்கீரையோடு குழம்பக்கூடிய, தரையில் படரும் அம்மான் பச்சரிசி வகைகளைக் கிள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும்: பால் வடிந்தால் அது கீரை அன்று. கீழாநெல்லியைக் கிள்ளினாலும் பால் வராது. அதன் இலைகள் நிற்கும் சிறு கிளையைத் திருப்பினால் அடியில் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். வெள்ளைப் பூ விடும் கரிசலாங்கண்ணியின் தண்டைக் கசக்கினால் சாறு சிறிது நேரத்தில் கறுக்கும். இளம் பார்த்தீனியம் மட்டும் சாமந்திக் கன்றைப் போன்ற வெட்டு இலைகளோடு தரையில் வட்டமாகப் படுத்திருப்பதால், பூஞ்செடி என்று எண்ணி நீர் ஊற்றி வளர்த்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஐயமின்றி நீக்க வேண்டியவை

பார்த்தீனியத்துக்கு எந்தத் தோட்டத்திலும் இடம் கொடுக்க வேண்டாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, 1950களில் புணே பகுதியில் கவனத்துக்கு வந்த இச்செடி இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. தொட்டால் பலருக்குத் தோல் அரிப்பும் புண்ணும் வருகின்றன. மகரந்தம் ஒவ்வாமையையும் மூச்சுத் திணறலையும் தூண்டுகிறது. முளைத்து ஒன்றரை மாதத்துக்குள் பூத்து, ஒரே செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். எனவே வெள்ளைப் பூ தெரிவதற்கு முன்பே, கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து வேரோடு பிடுங்குங்கள். பூத்துவிட்ட செடியாக இருந்தால் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, செடியின் மேல் ஒரு பையைக் கவிழ்த்து அப்படியே பிடுங்கிக் கட்டிவிடுவது நல்லது. பூக்காத செடியை மட்டும் மக்கவிடலாம். 2008ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சிக்கும் இச்செடி தங்குமிடமாக இருப்பதால், பப்பாளி அல்லது செம்பருத்தி வளர்ப்பவர்கள் வேலிக்கு வெளியே நிற்பதையும் சேர்த்து எடுப்பது பயன் தரும்.

நெருஞ்சியைக் காய் முற்றி முள்ளாவதற்கு முன் எடுக்க வேண்டும். மஞ்சள் பூ தெரிந்த வாரத்திலேயே எடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு வெறுங்காலோடு நடக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் ஊமத்தை கூடாது. அதன் எல்லாப் பாகங்களும், குறிப்பாக விதைகள், நஞ்சு. சீமைக்கருவேலங்கன்று தென்பட்டால் விரல் நீளம் இருக்கும்போதே இழுத்துவிடுங்கள். ஆணிவேர் இறங்கிய பிறகு கடப்பாரையோடு போராட வேண்டியிருக்கும்.

மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரிலும் கழிவுநீர்க் குழாயின் ஓரத்திலும் பறவை எச்சத்திலிருந்து முளைக்கும் அரசும் ஆலும் தனியாகச் சொல்லப்பட வேண்டியவை. வணங்கும் மரம் என்று தயங்கிக் கைவைக்காமல் விட்ட ஓர் அரசங்கன்று மூன்றே ஆண்டுகளில் சுவரைப் பிளந்ததை எங்கள் தெருவிலேயே கண்டேன். இரண்டு மூன்று இலைகளோடு இருக்கும்போது வேர் முழுவதும் எளிதாக வந்துவிடும். அப்படி எடுத்த கன்றை ஒரு பையில் நட்டு, இடமுள்ள யாருக்காவது கொடுத்தால் மனமும் அமைதியாக இருக்கும். தண்டை மட்டும் வெட்டினால் வேர் உள்ளே தடித்துக்கொண்டே போய் மீண்டும் துளிர்க்கும்.

கோரை

சென்னைத் தோட்டக்காரர்கள் மிகுந்த நேரத்தை இழப்பது கோரையிடம்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முக்கோணத் தண்டோடு புல்போல நிற்கும் கோரையைப் பிடுங்கினால் மேற்பகுதி எளிதாகக் கையோடு வந்துவிடும். ஆனால் மண்ணுக்குள் மெல்லிய வேர்த்தண்டில் மணிகள் கோத்தாற்போலக் கிழங்குகள் தொடர்ந்திருக்கும், அவை அறுந்து உள்ளேயே தங்கிவிடும். ஒன்று அறுந்தால் அதுவரை உறங்கிக்கொண்டிருந்த அடுத்த கிழங்கு முளைக்கிறது. நேற்றுப் பிடுங்கிய இடத்தில் இந்த வாரம் இரு மடங்கு நிற்பதற்குக் காரணம் இதுவே. மண்ணைக் கொத்திக் கிளறுவதாலும் கிழங்குகள் இடம் மாறிப் பரவுகின்றன. பெரும்பாலும் கோரை நம் வீட்டுக்கு வருவது லோடாக வாங்கும் செம்மண்ணோடும் தொழுவுரத்தோடும்தான். ஆகையால் புதிய மண் வந்தால் ஒரு கூடை மண்ணைத் தனியே நனைத்து வைத்து, மூன்று வாரம் என்ன முளைக்கிறது என்று பார்த்தபின் மற்றதைப் பாத்தியில் கொட்டுங்கள்.

ஏற்கெனவே புகுந்துவிட்ட கோரைக்கு இரண்டு வழிகள் எனக்குப் பலன் கொடுத்தன. பாத்தி காலியாக இருக்கும் சித்திரை, வைகாசியில், கத்திரி வெயில் தொடங்கியதும், ஒரு முழ ஆழத்துக்கு மண்ணைப் புரட்டிக் கிழங்குகளைப் பொறுக்கி எடுத்து, மீதமுள்ளவை வெயிலில் காயும்படி இரண்டு வாரம் நீர் விடாமல் போட்டுவைப்பது முதல் வழி. மண்ணிலிருந்து வெளியே வந்து நன்றாக உலர்ந்த கிழங்கு மீண்டும் முளைப்பதில்லை. பயிர் நிற்கும் பாத்தியில் புரட்ட முடியாது; அங்கே முளைத்த தளிரை மூன்று வாரம் ஆகும் முன் தரையோடு அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இலை உருவாக்கும் உணவு கீழே போய்ப் புதுக் கிழங்காகும் முன் அறுப்பதால் பழைய கிழங்கின் சேமிப்பு கரைந்துகொண்டே வரும். ஒரு மழைக்காலம் முழுவதும் தவறாமல் செய்தால் அடுத்த ஆண்டு வேறுபாடு தெரியும். நடுவில் ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கோரை நிழலைத் தாங்காது என்பதும் உதவும்: தட்டைப்பயறு அல்லது சர்க்கரைவள்ளியை நெருக்கமாகப் படரவிட்ட பாத்தியில் அது மெலிந்துபோவதைப் பார்க்கலாம்.

உப்புக் கரைசல் ஊற்றலாம் என்று சிலர் சொல்வதுண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரே உப்புத்தன்மையோடு இருக்கும் நகரத்தில், மண்ணிலும் உப்பைச் சேர்த்தால் கோரைக்கு முன் மல்லிகையும் முருங்கையும்தான் வாடும்.

இடத்தைப் பார்த்துத் தீர்மானிப்பவை

அருகம்புல் பாத்திக்குள் வந்தால் எதிரி. கணு ஒன்று உடைந்து கிடந்தாலும் வேர்விடும். பிள்ளையாருக்கு வேண்டும் என்றால் அடிப்பகுதி மூடிய ஒரு தொட்டியை அதற்கென ஒதுக்கி, அதில் மட்டும் வளருங்கள். குப்பைக்கீரை பாத்தி நடுவில் நின்றாலும் பூக்கும் முன் கிள்ளிச் சமைத்தால் கீரை பறித்ததும் களை எடுத்ததும் ஒரே வேலையாக முடிந்துவிடும். இலைக்கணுவில் இரட்டை முள் இருந்தால் அது முள்ளுக்கீரை. நடைவழியில் அதை விட வேண்டாம்.

மணத்தக்காளியை எல்லோரும் விரும்புவோம். ஆயினும் அது கத்தரியின் குடும்பம். கத்தரி இலையைச் சல்லடையாக்கும் புள்ளி வண்டு இதிலும் பெருகும். கத்தரி, தக்காளிப் பாத்தியிலிருந்து இயன்றவரை தொலைவில், எதிர் மூலையில் அதற்கு இடம் கொடுங்கள். இதே காரணத்தால் துத்தியை வெண்டைக்குப் பக்கத்தில் விடாதீர்கள். இரண்டும் ஒரே குடும்பம், பூச்சிகளையும் பகிர்ந்துகொள்கின்றன.

காய்கறிக்கு விதைத்த முதல் 30 முதல் 40 நாட்கள்தான் முக்கியமான காலம். அந்நாட்களில் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஒரு சாண் அளவுக்கு எதுவும் இருக்கக் கூடாது, நல்ல மூலிகையாக இருந்தாலும். பயிர் வளர்ந்து நிழல் தரத் தொடங்கியபின் வரும் சிறு களைகளைப் பிடுங்காமல் அரிவாளால் தரையோடு அறுப்பதே நல்லது. பயிரின் வேர் அசையாது, களையின் வேர் மண்ணிலேயே மக்கும். தொட்டியிலும் வளர்ப்புப் பையிலும் இந்தச் சலுகை எதுவும் இல்லை. ஒரு பை மண்ணில் இரண்டு செடிக்குப் போதுமான உணவும் நீரும் இருப்பதில்லை; அங்கே விதைத்ததைத் தவிர எல்லாவற்றையும் எடுங்கள்.

வீட்டுச் சுவரை ஒட்டி மூன்று அடி அகலத்துக்கு எதையும் கணுக்காலுக்கு மேல் வளரவிட வேண்டாம். அடர்ந்த செடிகளின் ஈர நிழலில் கொசு தங்கும், எலி வளை தோண்டும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்ட 2003 முதல் பல வீடுகளில் குழி இருக்கிறது. அதன் வாயிலும் சல்லடையிலும் ஒரு செடிகூட நிற்கக் கூடாது. அதே வேளையில், கரிசலாங்கண்ணியும் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் தாமாகச் செழிக்கும் இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீர் வெகுநாள் தங்குகிறது என்று பொருள். என் தோட்டத்தில் இரண்டாவது குழியை எங்கே தோண்டலாம் என்று காட்டியது கரிசலாங்கண்ணிதான்.

எடுக்கும் முறை

மழை நின்ற மறுநாள் அல்லது நீர் பாய்ச்சிய மறுநாள் காலை ஏற்ற நேரம். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணலில் எப்போது இழுத்தாலும் வேர் வரும். எங்கள் பக்கத்துக் களிமண்ணில் ஈரம் மிகுந்திருக்கும்போது மிதித்தால் மண் இறுகிவிடும், காய்ந்தால் வேர் அறுந்துவிடும். கையில் எடுத்த மண் ஒட்டாமல் உதிரும் பதம் வரும் வரை காத்திருங்கள். செடியின் கழுத்தை மண்ணோடு ஒட்டிப் பிடித்து, களைக்கொத்தால் வேருக்குப் பக்கத்தில் நெம்பி, செங்குத்தாக இழுக்க வேண்டும். தேவைக்கு மேல் கொத்தாதீர்கள். ஆழத்தில் உறங்கும் சிறு விதைகள் மேலே வந்து வெளிச்சம் பட்டதும் முளைத்துவிடும்.

எடுத்தவற்றுள் பூவோ விதையோ இல்லாதவற்றை வேர் மேலே பார்க்கும்படி செடிகளுக்கு இடையில் மூடாக்காகப் பரப்பலாம். சாரணையையும் பருப்புக்கீரையையும் அப்படிப் போடக் கூடாது. சதைப்பற்றுள்ள தண்டு ஈர மண்ணில் பட்டால் மீண்டும் வேர்விடும், பிடுங்கிய பின்னும் பருப்புக்கீரையின் விதை முற்றும். இவற்றையும் அருகையும் கோரைக்கிழங்கையும் மொட்டைமாடித் தரையில் ஒரு வாரம் சருகாகக் காயவைத்த பிறகே உரக்குழியில் இடுங்கள்.

விட்டுவைப்பவை, வரம்புக்குள்

என் தோட்டத்தில் தும்பை, வெட்டுக்காயப் பூண்டு, பொடுதலை, கீழாநெல்லி, மூக்கிரட்டை, பருப்புக்கீரை, புளியாரை ஆகியவற்றுக்கு மதிலோரத்தில் ஐந்தடி அகலம் ஒதுக்கியிருக்கிறேன். பொடுதலை தரையோடு பாய்போலப் படர்ந்து, கோடையில் மண் சுடாமல் காக்கிறது. அதன் சிறு பூக்களில் காலை முழுவதும் தேனீக்கள் இருக்கும். தும்பையும் வெட்டுக்காயப் பூண்டும் வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தேன் தருகின்றன. வெட்டுக்காயப் பூண்டு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். வெளியிலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் ஒரு செடியை நான் எடுப்பதில்லை. புளியாரை இலையை உண்டு ஒரு சிறிய நீல வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கிறது. மதிலுக்கு வெளியே நிற்கும் எருக்கில் கறுப்பு விளிம்புள்ள செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். எருக்கம்பாலை உண்ட அந்தப் பூச்சியைப் பறவைகள் தவிர்க்கின்றன. பருப்புக்கீரையை உண்டு வளரும் வேறொரு இனத்தின் பெண் பூச்சி அச்சு அசலாக அதே நிறத்தில் பறந்து பறவைகளிடமிருந்து தப்புகிறது. இரண்டும் ஒரே காலை வேளையில் ஒரே தும்பையின் மேல் வந்து அமர்ந்ததைக் கண்ட நாளிலிருந்து பருப்புக்கீரையைக் கடைசிச் செடி வரை நான் பறிப்பதில்லை.

உண்ணும் விஷயத்தில் கவனம் வேண்டும். சாலையோரத்திலும் கட்டட இடிபாடு கொட்டிய காலி மனையிலும் முளைத்ததைப் பறிக்காதீர்கள். நாம் அறிந்த மண்ணில் வளர்ந்ததையே சமையுங்கள். மூக்கிரட்டையைப் பருப்போடு கூட்டாகவும் பருப்புக்கீரையைக் கடைந்தும் உண்ணலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பருப்புக்கீரையையும் புளியாரையையும் தவிர்ப்பது நல்லது. குப்பைமேனியை உள்ளுக்குச் சாப்பிட்டுச் சிலருக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்திருப்பது மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. அது பூனைகள் வேரைத் தேடி வரும் செடியாக மட்டும் இருக்கட்டும். மஞ்சள் காமாலை என்றால் தோட்டத்துக் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். சித்த முறை வேண்டும் என்பவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது.

விட்டுவைத்த செடிகளையும் கவனிக்காமல் விட்டால் இரண்டே ஆண்டுகளில் பாத்திகளுக்குள் புகுந்துவிடும். ஒவ்வொன்றிலும் நல்ல செடி ஐந்தோ ஆறோ மட்டும் விதைக்கு நிற்க, மற்றவற்றைப் பூ முடிந்ததும் அறுத்துவிடுவேன். ஒதுக்கிய இடத்தின் எல்லையில் செங்கல் வரிசை பதித்து, அதைத் தாண்டி வரும் பொடுதலைக் கொடியை மாதம் ஒருமுறை மண்வெட்டியால் வெட்டிவிடுவேன். சிறுபீளைக்கு மட்டும் வாசலை ஒட்டி ஒரு வரிசை தனியாக உண்டு. சேலத்துப் பக்கம் எங்கள் ஊரில் போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்டுவது இதைத்தான். மார்கழி முழுவதும் அதைத் தொடாமல் விட்டு, வெண்பஞ்சுக் கதிர்கள் உதிரத் தொடங்கும் முன் போகிக் காலையில் அறுத்து, எங்கள் வீட்டு நிலைக்குக் கட்டியது போக மிச்சத்தைத் தெருவில் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம். அடிக்கட்டையில் விட்ட இரண்டு மூன்று கிளைகளின் விதையே அடுத்த ஐப்பசிக்குப் போதுமானதாக இருக்கிறது.